சாலோமியின் மங்கு கிரீம்

சாலோமி டீச்சருக்கு ரெண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்து நாலு வருஷம் ஆகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த நாத்தனார் ஸ்வீட்லின், "என்ன மதினி, அடுப்பை ஊதிட்டு முகம் கழுவலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஸ்வீட்லின் மறுபடி வருவாள். அதற்குள் முகம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி சொன்ன கிரீமை, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிப் பூசினாள். முதல் மாதம் முகம் வெளுத்தது. அடுத்த மாதம் சிவந்தது. ஒருநாள் பூசாவிட்டால் எரிந்தது. பயந்துபோய்ப் பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் ஷம்ஸியாவிடம் ஓடினாள். துணைக்குப் போன கணவர் கிருபைராஜுக்கும் பிடரியில் வெற்றிலை அகலத்துக்கு வெண்புள்ளி உண்டு. காட்டச் சொன்னதற்கு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார்.

கிரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோல் மெலிந்துவிடும், தூரப் போடுங்கள் என்றார் டாக்டர். நிறுத்தியதும் கொஞ்ச நாள் முகம் முன்னைவிடக் கறுக்கும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி வேறு மருந்து எழுதினார்.

முன்னைவிடக் கறுத்தால் ஸ்வீட்லின் விடுவாளா? ஓடையில் எறிந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டு, டியூபைத் தன் பைபிளின் ஜிப் உறைக்குள் வைத்துக்கொண்டாள். கணவருக்குத் தனி பைபிள். இதை அவர் தொட மாட்டார்.

பத்து நாளில் டியூபின் வால் சுருண்டுவிட்டது. அவள் எடுப்பதென்னவோ பட்டாணி அளவு. எலி தின்னுமா, வெயில் சூட்டில் உருகுமா என்று என்னென்னமோ யோசித்தாள். யாரிடம் கேட்பது? ஓடையில் கிடக்கிற சாமானைக் காணோம் என்று கேட்க முடியாதே. இன்னொரு டியூப் வாங்கினாள். அதுவும் இளைத்தது.

மூன்று மாதம் கழித்துப் போனபோது டாக்டர் அவள் கன்னத்தை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் அதைப் பூசுகிறீர்களா என்று கேட்டார். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற சாலோமி, அன்றைக்கே எறிந்துவிட்டதாகக் கண் சிமிட்டாமல் சொன்னாள்.

அடுத்து கிருபைராஜ். தானாகவே காலரை இறக்கிக் காட்டினார். வெள்ளைக்குள் ஒரு ஓரமாகக் கடுகு சிதறினாற்போல் பழுப்புப் புள்ளிகள். டாக்டருக்கு ஆச்சரியம்.

"நிறம் திரும்புதே சார். என்ன போடுதீங்க?"

"நம்ம சொந்த வைத்தியந்தான். இவ முகத்தைக் கறுக்க வைக்கும்னு நீங்க சொன்ன கிரீம், என் வெள்ளையைக் கறுக்க வைக்காதா?"

"எந்தக் கிரீம்?"

"இவ பைபிள் உறைக்குள்ள வச்சிருக்காள்லா, அதான். ஒருநாள் கோயிலுக்கு மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன்."

சாலோமி தன்னை மறந்து, "அப்போ அந்த எலி நீங்கதானா?" என்றாள்.

"ஏளா, நீதான் ஓடையில எறிஞ்சுட்டேன்னியே."

டாக்டர் சிரிப்பை விழுங்கிவிட்டு, இருவருக்குமாகச் சொன்னார். நிறம் தருகிற அணுக்களை உடம்பே பகையென்று நினைத்து அழிப்பதால் வருவது வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையைக் கொஞ்சம் அமர்த்தும், அதுவும் அளவோடு, டாக்டர் பார்வையில் போட்டால்தான். சார் நினைத்த காரணம் தப்பு, பலித்தது அதிர்ஷ்டம். மங்குக்கு வெயிலும் உடம்பின் சுரப்பிகளும் காரணம். அதற்குக் குடையும் வெயில் கிரீமும் பொறுமையும் வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் சரியாகுமா என்று சாலோமி கேட்டாள். ஈஸ்டரே தாண்டலாம் என்றார் டாக்டர். பிறகு அதே ஸ்டீராய்டை, நாள் கணக்குப் போட்டு, கிருபைராஜுக்கு எழுதிக்கொடுத்தார். பிடரி அவர் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஒரு ஓரம் மட்டும் பலித்திருக்கிறது; இனி டீச்சரம்மாதான் பூசிவிட வேண்டும், பூசிய கையை உடனே கழுவ வேண்டும்.

அன்று சாயங்காலம் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். சாலோமி பூசினாள். விரல் நுனியில் துளி மிச்சமிருந்தது. கை மெல்லக் கன்னத்துப் பக்கம் எழும்பியது.

"குழாய்ச் சத்தத்தைக் காணோமே," என்றார் அவர், திரும்பாமல்.

போய்க் குழாயைத் திறந்து, தண்ணியை மட்டும் சளசளவென்று விழவிட்டாள்.

"சோப்புப் பெட்டி திறக்குற சத்தமும் கேக்கணும்லா, டீச்சர்."

வந்த சிரிப்பில் விரல் குழாய்க்கடியில் போய்விட்டது.