அசையாத முள்

பதினோராவது விமானியும் பாஸ். கேப்டனுக்கு வயிறு எரிந்தது.

பாஸாவது ஒரு குற்றமா என்று கேட்கலாம். சிமுலேட்டரின் பின் சீட்டில் உட்கார்ந்து பல வருடமாக விமானிகளைச் சோதிக்கிற மனிதருக்கு அது குற்றம்தான். அவர் வைக்கிற பொறியில் பாதிப் பேராவது விழ வேண்டும். விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டு மாதமாக ஒருவர்கூட விழவில்லை.

பொறி இதுதான். மேகத்துக்குள் கண் தெரியாமல் இறங்குகிற விமானிக்குத் தரையிலுள்ள ரேடியோ நிலையமே வழிகாட்டி. டயலில் ஒரு முள் அந்த நிலையம் இருக்கும் திசையைக் காட்டும். நிலையமும் தன் அடையாளத்தைப் பீப், பீப் என்று விமானியின் காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். காது புளித்துப் போகும் சத்தம். ஒருமுறை கேட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் வால்யூமைக் குறைத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து கேப்டன் தன் திரையைத் தொட்டு நிலையத்தை அணைப்பார். பீப் சத்தம் மட்டும் நின்றுபோகும், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. முள் நின்ற இடத்திலேயே நிற்கும். ‘ஆகா, முள் அசையவே இல்லையே, எவ்வளவு நேராக ஓட்டுகிறேன்’ என்று விமானி பூரித்துப் போவார். செத்த முள்ளை நம்பிப் போய் மலையில் முட்டுவார். திரையில் வரும் பொம்மை மலைதான். ஆனால் அந்த மலைக்காகத்தான் கேப்டனுக்குச் சம்பளம்.

பயிற்சி மையத்தில் அவருக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், இருந்தாலும் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அதனால்தான் கிட்டப் பார்க்கக் கண்ணாடி வாங்கியதை வெளியே மூச்சு விடவில்லை. பின் சீட்டு இருட்டில் திரையைத் தொடவேண்டிய சமயத்தில் மட்டும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அது திரும்பப் பைக்குள் போய்விடும்.

பதினோராவது ஆள்தான் அவரைத் தூக்கிவாரிப் போட வைத்தவர். கேப்டனின் விரல் திரையைத் தொடும் முன்பே அந்த விமானியின் கை வால்யூமைக் கூட்டக் குமிழுக்குப் போய்விட்டது. யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். சந்தேகமே இல்லை.

யார்? எந்த இறக்கத்தில், எத்தனை மைலில் நிலையம் அணையும் என்கிற தேர்வுத் தாளைப் பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேப்டன். இன்னொருவன் சிமுலேட்டர் டெக்னீஷியன். கேப்டனுடைய மனைவியின் தம்பி. வேலைக்குச் சிபாரிசு செய்ததே கேப்டன்தான். அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று கேப்டன் பல்லைக் கடித்தார்.

அன்றிலிருந்து மைத்துனன் செய்வதெல்லாம் அவருக்குத் திருட்டுத்தனமாகவே பட்டது. காபி மெஷின் பக்கத்தில் விமானிகளோடு சிரித்துக்கொண்டிருந்தவன் இவரைக் கண்டதும் ஏன் வாயை மூடினான்? கேட்டால் ஏன் தலையைச் சொறிகிறான்? புது ஷூ வேறு போட்டிருக்கிறானே? சந்தேகம் வந்துவிட்டால் ஷூவும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடும்.

அடுத்த ஆளுக்குக் கேப்டன் தாளில் பொய் எழுதினார். இரண்டாவது இறக்கம், நாலு மைல் என்று எழுதிவிட்டு, முதல் இறக்கத்திலேயே ஏழு மைலில் அணைத்தார். அந்த ஆளும் பிடித்துவிட்டார். அதற்கடுத்த ஆள் உட்கார்ந்தபோது மைத்துனனை ஒரு வேலை சொல்லிக் கட்டடத்துக்கு வெளியே அனுப்பினார். அவரும் பிடித்துவிட்டார். புத்தியுள்ளவன் இந்த இடத்தில் தன் சந்தேகத்தையே சந்தேகப்பட்டிருப்பான். கேப்டனோ டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ரகசிய ஒயர் இருக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் தவழ்ந்தார். ஒரு பேனா மூடியும் கைநிறையத் தூசியும் கிடைத்தன.

எழுந்தவர் நேராக மைத்துனனிடம் போய்க் கேட்டார். “யாருக்குச் சொல்றே மாப்ளே?”

“எதை அத்தான்?”

“நான் எப்போ ஸ்டேஷனை அணைக்கப் போறேன்னு.”

மைத்துனன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். அவன் முகம் சுண்டிப்போயிற்று. “என்னைப் பாத்தா கேக்கறீங்க?” என்றான். “ஒரு நாள் நீங்க முன் சீட்ல உக்காந்து பாருங்க அத்தான். அப்புறம் பேசலாம்.”

முடிந்தால் நீ ஓட்டிக் காட்டு என்று கேப்டன் காதில் விழுந்தது அது. என்ன திமிர்! அன்றே பயிற்சித் தலைவிக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார். இவனை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று முடித்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விசாரணை என்று பதில் வந்தது.

வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள். “என் தம்பி அப்படிச் செய்யற ஆள் இல்ல. நாளைக்கு நீங்க சொன்னது தப்புன்னு ஆச்சுன்னா?”

“ஆகாது.”

“அவனுக்கு வேற வேலை தெரியாதுங்க.” இரண்டு நாள் கேப்டன் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு தேர்வு. ஓட்டியது ஓர் இளம் பெண் விமானி. மேகத்துக்குள் இறங்கத் தொடங்கியிருந்தாள். நிலையத்தை அணைக்க இன்னும் நேரமிருந்தது. கண்ணாடியில் கைரேகை படிந்திருந்ததால் துடைக்கலாமென்று கேப்டன் கூட்டைத் திறந்தார். டப்.

முன்னால் அவள் கை வால்யூம் குமிழுக்குப் போனது. பீப், பீப். நிலையம் நன்றாகத்தான் இருந்தது. குறைத்துவிட்டாள்.

கேப்டன் கூட்டைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். டப். கை மறுபடி போனது. மூன்றாவது டப்புக்கு அவள் திரும்பியே பார்த்துவிட்டாள். “சார், இன்னிக்கு ஸ்டேஷனை அணைக்கவே மாட்டீங்களா?”

“யாரும்மா சொன்னது உனக்கு?”

“யார் சொல்லணும் சார்? உங்க மைக் எப்பவும் ஆன்லதானே இருக்கு. ஹெட்போன்ல டப்புன்னு கேட்டா பத்து செகண்ட்ல ஸ்டேஷன் போயிடும். ஒரு தடவை உக்காந்தாலே தெரிஞ்சிடுமே.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கேப்டனுக்கு அன்று தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு, சீட்டுக்கு அடியில் தவழ்ந்து, கடைசியில் திருடன் தன் சட்டைப் பைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

தேர்வைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பயிற்சித் தலைவியிடம் ஓடினார். “அந்த லெட்டரைத் திருப்பிக் குடுத்துடுங்க மேடம்.”

“அது ஃபைல்ல ஏறிடுச்சு கேப்டன். இன்னொண்ணு எழுதுங்க.”

அவள் முன்னாலேயே கூட்டைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். ரகசியத்தை வெளியிட்டது நானே. டெக்னீஷியன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு மாதத்தில் பாஸான அத்தனை பேருக்கும் மறுதேர்வு வேண்டும்.

சிமுலேட்டர் அறையில் மைத்துனன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். சுவரில் ஆணிகள் மட்டும் மிச்சமிருந்தன.

“எழுதிக் குடுத்துட்டேன் மாப்ளே. உன் மேல தப்பில்லன்னு.”

“அது ஆபீசுக்கு எழுதினது அத்தான்.” அவன் தலை நிமிரவில்லை. “முன் சீட்ல உக்காருங்க.”

கேப்டன் உட்கார்ந்தார். அவருடைய கண்ணாடிக் கூட்டை வாங்கிக்கொண்டு மைத்துனன் பின் சீட்டுக்குப் போனான். ஜன்னலெல்லாம் மேகம். முள் நிலையத்தைக் காட்டியது. பீப், பீப். திடீரென்று டப் என்று காதுக்குள்ளேயே அறைந்தது. கேப்டன் துள்ளிவிட்டார்.

“இவ்வளவு சத்தமாவா?”

“ரெண்டு மாசமா.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“கண்ணாடி போடறதை அக்காகிட்டகூட மறைச்சீங்க. நான் எப்படிச் சொல்றது? உக்காந்து பாருங்கன்னேன். நீங்க லெட்டர் எழுதிட்டீங்க.”

கேப்டன் தொண்டையைச் செருமினார். பீப் சத்தம் குறுக்கே வந்தது. வால்யூமைக் குறைத்தார்.

“மாப்ளே, நான் உன்னை அப்படி நினைச்சிருக்கக் கூடாது. கூடவே இருக்கறவனை நம்பாம, இந்தப் பெட்டிக்கு அடியில தேடினேன். உன் அக்கா மூஞ்சியைப் பாக்க முடியல. நீ போகாதே. எனக்காக இல்லைன்னாலும் அவளுக்காக இரு.” பேசப் பேச மனம் லேசாயிற்று. முள் கோடு போட்ட மாதிரி நின்றது. இத்தனைக்கும் நடுவில் எவ்வளவு நேராக இறங்குகிறோம் என்று ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

மேகம் விலகியது. ஓடுபாதை இருக்கவேண்டிய இடத்தில் மலை இருந்தது. முட்டிக்கொண்டு படம் உறைந்து நின்றது.

கேப்டன் வெகுநேரம் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்போ அணைச்சே?”

“வால்யூமைக் குறைச்சீங்களே, அப்போ.” மைத்துனன் மதிப்பெண் தாளை எடுத்தான். “ஃபெயில்னு போடட்டுமா அத்தான்?”

“போடு. மறுதேர்வு லிஸ்ட்ல என் பேரையும் சேத்துக்கோ. முதல் ஆளா.”

அவன் எழுதினான். பிறகு பெட்டியைத் திறந்து, பெரிய ஸ்பேனரை எடுத்து அதன் ஆணியில் மாட்டினான்.

“எழுந்திருங்க அத்தான். திங்கட்கிழமைக்குள்ள அந்த மைக்கைச் சரி பண்ணணும்.”