மாமியார் கூப்பிட்டால்

அக்கா இந்த பர்கர் கடையில் சேர்ந்தபோது தரை துடைத்தாள். அப்புறம் தட்டு கழுவினாள், ஃப்ரைஸ் பொரித்தாள், கல்லாவில் நின்றாள், கடைசியில் மேலாளரும் ஆனாள். எல்லாம் நின்றபடியே. கடைக்குள் வேலை செய்கிற யாருக்கும் நாற்காலி கிடையாது என்பது கம்பெனி சட்டம். உட்கார்ந்தால் சுறுசுறுப்பு போய்விடுமாம். அந்தச் சட்டத்தை எழுதிய மகராசன் எப்படியும் உட்கார்ந்துதான் எழுதியிருப்பான்.

தலை நரைத்த ஊழியர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் இரண்டும்தான் மாடிப்படியைப் பார்த்தாலே மல்லுக்கு நின்றன. அதனால் அவளுக்கு ஒரே ஒரு ஆசை, ஏரியா மேலாளர் ஆக வேண்டும். ஏரியா மேலாளருக்குக் கார் உண்டு. என்னதான் சட்டம் போட்டாலும் நின்றுகொண்டு கார் ஓட்ட முடியாதே.

அந்தப் பதவிக்கு நேர்முகத் தேர்வைக் கடையிலேயே, மதியக் கூட்டம் நெருக்கும் நேரத்தில் வைப்பார்கள். அக்கா இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். காரணம் மாமியார்.

கணவரைப் பெற்ற புண்ணியவதியைச் சொல்லவில்லை. ஃப்ரையருக்கு மேலே இருக்கும் டைமருக்கு எல்லாக் கிளைச் சமையலறையிலும் அதுதான் பெயர். அது பீப் பீப் என்று கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி எண்ணெயிலிருந்து கூடையைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்களை அம்போவென்று விட்டுவிட்டு இரண்டு தடவையும் அக்காதான் ஓடினாள். எல்லாவற்றையும் தானே செய்கிறவர் பத்துக் கடையை எப்படிப் பார்ப்பார் என்று கைவிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது வாய்ப்பு வந்ததும் வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர், கடைக்கு வந்து அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு போனார். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று போடுவார். அக்கா துள்ளி எழுவாள். மகள் தோளைப் பிடித்து அமுக்குவாள்.

"உட்காரும்மா!" என்பாள். கணவர் தன் பங்குக்கு, "எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும்!"

"வாய் கூசாம சொல்றீங்களே, நீங்க மனுஷனா?"

பார்க்க வந்த நாத்தனார் மோவாயில் கை வைத்தாள். "பொரிக்கிற வேலையில என்னதான் பெருசாக் கிழிக்கிறீங்கன்னு நினைச்சேன் அண்ணி. உட்கார்றதுக்கே டியூஷனா?"

தேர்வு நாள் வந்தது. ஓரத்து மேசையில் தலைமை அலுவலகத்துப் பெரியவர் டை கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆள் எடுக்கும் பிரிவு அதிகாரியம்மா. அக்கா எதிரில் உட்கார்ந்தாள். ஆகா, உட்கார்வது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

"கூட்டம் அலைமோதும்போது உங்க முதல் வேலை என்னவா இருக்கும்?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

பீப். பீப்.

அக்கா எட்டிப் பார்த்தாள். ஃப்ரையரிடம் ஒருவரும் இல்லை. அங்கே நிற்க வேண்டியவர் உருளைக்கிழங்கு மூட்டை எடுக்க உள்ளே போயிருந்தார். அக்கா நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பீப் பீப் பீப். பெற்ற பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பார்ப்பது போல் இருந்தது. எரிஞ்சா எரியட்டும், எரிஞ்சா எரியட்டும் என்று மனதுக்குள் ஜபித்தாள்.

மேசை ஆடியது. அக்காவின் கால் இல்லை, பெரியவரின் கால். அவர் முகம் வியர்த்தது.

"மாமியார் கூப்பிடுது!" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினார்.

"யாரோட மாமியார்?" என்று அதிகாரியம்மா விழித்தார்.

பெரியவர் கூடையைத் தூக்கினார், உதறினார், உப்புத் தூவினார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அவரும் ஏதோ ஒரு கிளையில் கூடை தூக்கியவர் என்பது அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. டை நுனியில் எண்ணெய் சொட்டத் திரும்பி வந்தார்.

"கால் தானா ஓடிடுச்சும்மா. நீங்க எப்படி உட்கார்ந்திருந்தீங்க?"

"ஓடுறதுக்கு ஆள் இருந்தா நான் ஏன் சார் ஓடணும்? இன்னிக்கு நீங்க இருந்தீங்க."

அதிகாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் ஒரு நொடி முறைத்தார், பிறகு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். வேலை அக்காவுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள். பீப். பழக்கத்தில் கை நீண்டது. மூட்டையோடு வந்தவர் குறுக்கே புகுந்து கூடையைத் தூக்கினார்.

"நான் பார்த்துக்கறேன். நீங்க போய் உட்காருங்கக்கா."

இந்தச் சமையலறையில் அவளிடம் இதுவரை யாருமே சொல்லாத வார்த்தை. நாலு பக்கமும் பார்த்தாள். உட்கார ஒரு கட்டைகூட இல்லை. கூடையைத் தூக்கியவர் நரைத்த தலையோடு கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் டையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போனாள்.

"சார், முதல்ல இங்க ஒரு ஸ்டூல் வேணும்."

"உங்களுக்குத்தான் கார் வரப்போகுதேம்மா?"

"எனக்குக் கேட்கலை சார்."