உருண்டைப் பப்பாளியின் விதை

தன் பெரியப்பாவைப் பற்றித் தேவகிக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. காளிதாசன் பாடாங் மேஹா தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஆட்களை விரட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு விரட்ட ஆள் கிடைக்காமல் முனீஸ்வரர் கோயிலுக்குத் தலைவராகி, சாமி கும்பிட வருகிறவர்களை விரட்டினார். மிச்ச நேரத்தில் தோட்டத்து ஓர நிலத்தில் சிவப்புப் பப்பாளி போட்டிருந்தார். அந்தச் சிவப்பைப் பற்றிப் பேசும்போது, ஏதோ தானே பழத்துக்குள் உட்கார்ந்து சாயம் பூசியதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

இந்த வருஷம் அந்தச் சிவப்பு அவர் காலை வாரிவிட்டது. புதிதாக நட்ட நூற்றைம்பது மரத்தில் முக்கால்வாசி மஞ்சளாகப் பழுத்தன. கூலிம் ஊரிலிருந்து பழம் வாங்க வந்த தவுக்கே இரண்டு பழத்தை வெட்டிப் பார்த்துவிட்டு லோரியை வெறுமனே திருப்பிக்கொண்டு போனான். அன்று சாயங்காலத்துக்குள் பெரியப்பா குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பதினான்கு மஞ்சள் பப்பாளி மரம் வைத்து, முச்சந்தியில் மேசை போட்டு விற்றுப் பிழைக்கும் இஞ்ஞாசிமுத்துதான் அந்தக் குற்றவாளி. மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு இருந்தது அந்தப் பதினான்கு மரம் மட்டும்தான்.

தேவகி சுங்கைப்பட்டாணியில் விதை பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். "நீ வந்து கோயில் கமிட்டிக்கு முன்னால, அவன் மரத்தாலதான் என் பழம் மஞ்சளாச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்று பெரியப்பா போன் செய்தார். அவள் ஆமாம் என்றால் பதினான்கு மரமும் போய்விடும். ஓர நிலம் அங்கே யாருக்கும் சொந்தமில்லை. தோட்ட நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது, யாரைக் கண்டுகொள்வது என்பதை மேனேஜர் காதில் ஓதுகிறவர் பெரியப்பா. இஞ்ஞாசிமுத்து அங்கிளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் தேவகி ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கார் ஆராங்கில் இருந்த தன் வீட்டிலிருந்து காரை எடுத்தாள். பெரியப்பாவை நாலு பேர் முன்னால் மட்டம் தட்ட ஒரு வாய்ப்பு என்பதும் அவளுக்குக் கசக்கவில்லை.

வேலியோரம் கமிட்டி ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். பெரியப்பா கோயில் வேட்டியில் வந்திருந்தார். பப்பாளி விவகாரத்துக்கு எதற்கு அந்த வேட்டி என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் இஞ்ஞாசிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளைபோல் நின்றார்.

"சொல்லும்மா. இவன் மரத்துப் பூந்தூள் பறந்து வந்துதான என் பழம் மஞ்சளாச்சி?"

"இல்ல பெரியப்பா. பழத்துச் சதை தாய் மரத்தோடது. பக்கத்து மரத்துத் தூள் விழுந்தா உள்ள இருக்கற வெதைதான் மாறும், சதை மாறாது. நிறத்த மரமே படிப்படியா செய்யுது. மொதல்ல நிறமே இல்லாத ஒண்ணு. அதுலேர்ந்து சிவப்பு. அப்புறம் ஒரு என்சைம் வந்து அந்தச் சிவப்ப மஞ்சளாக்கும். நீங்க பெருமையா சொல்ற சிவப்பு ஜாதியில அந்த என்சைம் கெட்டுப் போச்சு. அதான் பாதி வழியிலயே நின்னுருது. மஞ்சள்தான் வேலைய முடிச்ச மரம்லா."

கமிட்டியில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இஞ்ஞாசிமுத்து கட்டியிருந்த கையை மெல்ல இறக்கினார். அந்த இடத்தில் தேவகி காரில் ஏறியிருக்க வேண்டும். வந்த காரியம் முடிந்துவிட்டது.

"அப்ப என் மரம் எப்பிடித்தான் மஞ்சளாச்சி?" என்றார் பெரியப்பா.

தெரியவில்லை, பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்துக்கு எதிரே தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வெதை எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"கோயில் பிரசாதம். போன வருஷத் திருவிழாவுக்கு என் மரத்துப் பழத்தத்தான் தாம்பாளத்துல வச்சேன். நீட்டுப் பழம் உருளும், உருண்டப் பழம்தான் கலசம் மாதிரி நிக்கும். பூசை முடிஞ்சி ஒருத்தனுக்கும் குடுக்காம எல்லாத்தையும் வெதைக்கு எடுத்துக்கிட்டேன். சாமி தொட்ட வெதை."

தேவகி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "நீட்டுப் பழம் காய்க்கற மரம் பெரும்பாலும் தன் பூவுலயே வெதை வச்சுக்கும். உருண்டப் பழம் பொம்பள மரத்துல காய்க்கறது. அதுக்கு வெளியிலேர்ந்துதான் தூள் வரணும். சாமி தொட்டா அது மாறிடுமா? பழம் செவப்பா இருந்திருக்கும், உள்ள இருந்த வெதைக்கு அப்பன் மஞ்சள் மரம். ஒரு பக்கத்துலேர்ந்து நல்ல என்சைம் வந்தா போதும், மரம் மஞ்சளாத்தான் காய்க்கும். மஞ்சளுக்குப் பொறந்த வெதையா நீங்களே பாத்து எடுத்து, நெலம் பூரா நட்டு வச்சிருக்கீங்க."

சொல்லி முடித்தபோது அவளுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. முப்பது வருஷத்து மண்டோர் அதிகாரத்தை ஐந்து நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தாள்.

பெரியப்பாவுக்குக் கோபமே வரவில்லை. என்சைம், பொம்பள மரம், எதையும் அவர் காதில் வாங்கியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். "இந்தச் சுத்து வட்டாரத்துல மஞ்சள் மரம் வேற எவன்கிட்ட இருக்கு?" என்று கமிட்டியைக் கேட்டார். நாலு பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். சிரித்தவரும் பார்த்தார்.

"படிச்ச புள்ள, அவ வாயாலயே சொல்லிட்டா."

"நான் அத சொல்லல பெரியப்பா. இப்ப அவரு மரத்த வெட்டி என்ன ஆகப்போவுது? உங்க மரம் இனிமே செவப்பாகாது. நல்ல வெதை வாங்கி நட்டா முடிஞ்சிச்சி." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. கமிட்டி ஆட்கள் வேறெங்கோ பார்த்தார்கள். மரம் இந்த வாரம் போக வேண்டும், இல்லாவிட்டால் மேனேஜரிடம் பேசுவேன் என்று பெரியப்பா சொன்னார்.

இஞ்ஞாசிமுத்து வேலியருகில் வந்தார். அவளை மட்டும் பார்த்துக் கேட்டார். "நெசமாம்மா? எங்கிட்டேர்ந்துதான் போச்சா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. தேவகிக்கு வாய் வரவில்லை. "ஆமா அங்கிள். ஆனா அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் வீட்டுக்குள் போய்ப் பாராங் கத்தியோடு வந்தார். "இவங்க வந்து வெட்டுனா நாலஞ்சி நாள் இங்கயே நின்னு ஏசிக்கிட்டிருப்பாங்க. நானே வெட்டிடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஓரத்து மரத்திலிருந்து ஆரம்பித்தார். பப்பாளித் தண்டு உள்ளே வெறும் கூடு, ஒரு வெட்டுக்கே சாய்ந்தது. பழுக்கப் பத்து நாள் இருந்த காய்கள் தரையில் விழுந்து பால் வடித்தன. அடுத்த மரத்துக்குப் போகும்போது அந்தக் காய்களை மிதிக்காமல் சுற்றி நடந்தார்.

தேவகி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைப்போல ஒரு முட்டாளை அவள் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அந்த ஆட்களுக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

ஏழாவது மரம் விழுந்தபோது பெரியப்பா வந்து அவள் தோளில் தட்டினார். பிறந்ததிலிருந்து அவர் அவளைப் பாராட்டியதில்லை, அன்றுதான் முதல் தடவை.

"நீ இல்லாட்டி இவன் லேசுல ஒத்துக்கிட்டிருக்க மாட்டான். என் தம்பி உன்ன நல்லாத்தான் படிக்க வச்சிருக்கான்" என்றார்.