மகாராஜா எழும் சத்தம்

எனக்குக் கோபம் வர ஒரு மெதுவான கம்ப்யூட்டர் போதும். மனிதர்கள் மெதுவாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன், அவர்களைக் கழற்றிப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் அது யாரோ ஒருவருடைய சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள் உள்ள அந்த அலுவலகத்தில் பழுது பார்ப்பவன் நான் ஒருவன்தான். நாற்பத்தொன்று என் சொல்லைக் கேட்கும். தபால் பிரிவில், ஜன்னலோர மேசைமேல் இருந்த ஒன்று மட்டும் கேட்காது. அதற்கு மகாராஜா என்று பெயர்.

பெயர் வைத்தவன் நான்தான். பொத்தானை அழுத்திப் பதினோரு நிமிடம் கழித்துத்தான் திரை நம் பெயரைக் கேட்கும். அதற்குள் அது படுத்தும் பாடு சொல்லி மாளாது. முதலில் விசிறி கடகடவென்று இருமும். பிறகு ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்க ஆரம்பிக்கும், நடுநடுவே டொக் டொக் என்று இரண்டு தட்டு. மூன்று மேசை தள்ளி இருப்பவர்கூட, "மகாராஜா கண் முழிக்கிறாரு" என்பார்.

அந்த மேசை தபால் அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர். மேலாளர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் காய்ச்சலில் கிடந்தபோது வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவர். இவ்வளவு நல்ல மனுஷி இந்த ஓட்டை உடைசலோடு மல்லுக்கட்டுகிறாரே என்று எனக்கு ஆற்றாமை.

"அக்கா, ஒரு மணி நேரம் குடுங்க. புது டிஸ்க் போட்டு, மெமரியைக் கூட்டி, பறக்க விட்டுடறேன்."

"வேண்டாம் தம்பி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"தெனமும் பதினோரு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கீங்களே."

"நான் உக்காந்திருந்தா உனக்கு எங்க வலிக்குது?"

மூன்று வருடமாக இதே பேச்சு. ஒருநாள் பொறுமை போய், வாய்க்கொழுப்பில், எல்லோர் முன்பும் சொன்னேன்: "வேலை செய்யாம இருக்க இதைவிட நல்ல சாக்கு கெடைக்குமா? மகாராஜாவும் தூங்குறாரு, மகாராணியும் தூங்குறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் மேலாளருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. திரை நம் பெயரைக் கேட்ட நொடியில் செல்போன் டிராயருக்குள் போய்விட வேண்டும், மாலைவரை வெளியே வரக்கூடாது. அதற்கு முந்தைய நேரம் நம்முடையது. அந்தப் பதினோரு நிமிடமும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு போனில் தணிந்த குரலில் பேசுவார். ஏதோ வீட்டுக் கதை என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் அக்கா, "அப்பாவைப் பாத்துட்டு வரேன்" என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று, ஏற்கெனவே கடிகாரத்தோடு சண்டை போட்டு வாங்கி வைத்திருந்த பாகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. ஊதி எடுத்தேன். கடகடத்த விசிறியைப் பிடுங்கிப் போட்டுப் புதியதை மாட்டினேன். பிராசஸர்மேல் காய்ந்து போயிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை தடவினேன். மெமரி இரண்டு ஜிபியிலிருந்து எட்டானது. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், உள்ளே எதுவும் சுற்றாத, தீப்பெட்டி கனம்கூட இல்லாத புது டிஸ்க். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் மாற்றினேன். அலுவலகத்துக் கோப்புகள் வெளியே போய்விடக்கூடாது என்பதற்காகக் கழற்றிய டிஸ்க்கில் துளை போட்டுவிட வேண்டும் என்பது விதி. டிரில்லிங் மிஷினை எடுத்து மூன்று துளை போட்டேன். விதியில் ஒன்று போதும். மற்ற இரண்டும் என் கோபத்துக்கு.

பொத்தானை அழுத்தினேன். ஒன்பது வினாடி. ஓடுகிறதா இல்லையா என்று பெட்டியில் காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி.

அக்கா திரும்பி வந்த காலையில் பாராட்டு வாங்கலாம் என்று முன்னாலேயே போய் நின்றேன். கடிகாரமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அக்கா ஒரு கையால் பொத்தானை அழுத்தி, மறு கையால் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தபோதே திரை பெயரைக் கேட்டுவிட்டது. அக்கா திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போனை அணைத்து டிராயரில் வைத்தார்.

"எப்படிக்கா?"

"நல்லாயிருக்கு தம்பி." முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் முழுக்க அக்கா அக்காவாக இல்லை. விலாசங்களை மாற்றி ஒட்டினார். வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மடக்கிக் கேட்டேன். பாட்டிலை மூடியபடியே சொன்னார்.

"அப்பா முதியோர் இல்லத்துல இருக்காரு. எட்டு மணி நேரப் பயணம். ஞாபகம் போயிட்டே இருக்கு. காலைல ஒம்பது மணிக்குத்தான் கொஞ்சம் தெளிவு, அப்பத்தான் போன்கிட்ட கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாங்க. பத்து நிமிஷம். அப்புறம் மாத்திரை, தூக்கம்."

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

"வெளிய தெரிஞ்சா அதையும் நிறுத்திடுவாங்களோன்னு பயம். ஆனா நேரம் மட்டும் இல்ல தம்பி..."

நான் எங்கே கேட்டேன்? பாதிப் பேச்சிலேயே மேலாளர் அறைக்கு நடந்துவிட்டேன். கடிகாரத்தை ஒரு பிடி பிடித்தேன். அவர் கல்நெஞ்சர் இல்லை. "அக்கா கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? பதினஞ்சு நிமிஷம் பேசட்டும்" என்றார். ராஜ்யத்தை மீட்டவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். மீண்டும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணி. "நீயும் வாப்பா" என்று அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். போனை எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அப்பா, நான்தான்பா."

"யாரும்மா?"

"உங்க பொண்ணுப்பா. ஆபீஸ்லேர்ந்து பேசறேன்."

மறுமுனையில் ரிசீவரைக் காதோடு அழுத்தும் சரசரப்பு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார் என்று தெரிந்தது. பிறகு மரியாதையாகச் சொன்னார்: "இல்லீங்களே. அங்க சத்தமே இல்லையே. அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் லைனை விடுங்க. இது என் பொண்ணு கூப்பிடற நேரம்."

வைத்துவிட்டார்.

அக்கா அழவில்லை. போனைப் பார்த்தபடி சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்பு, மறதி ஆரம்பித்த புதிதில், அது என்ன சத்தம் என்று அப்பா கேட்டிருக்கிறார். மிஷின் எழுந்திருக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தினமும், "மிஷின் எழுந்திரிச்சாச்சா? நீ சாப்ட்டியா?" இரண்டும்தான் பேச்சு. மகளின் பெயர் போனது. குரலும் போனது. அந்தக் கடகடப்பும் டொக் டொக்கும் கேட்டால் மட்டும், "என் பொண்ணு" என்பார்.

"இப்ப நேர்ல போனேனே, நீங்க எந்த டாக்டரும்மான்னு கேட்டாரு. நேர்ல நான் யாரோ. போன்ல மட்டுந்தான் தம்பி நான் அவருக்குப் பொண்ணு."

நான் என் அறைக்கு ஓடினேன். கழற்றிய விசிறி குப்பை வண்டியில் போய்விட்டிருந்தது. டிஸ்க் இருந்தது, மூன்று துளையோடு. தெரிந்த கடை, தெரியாத கடை எல்லாம் அலைந்து அதே வகை டிஸ்க்குகள் ஐந்து கொண்டுவந்தேன். இறக்கை உடைந்த விசிறி ஒன்றும் கிடைத்தது. ஒவ்வொரு காலையும் ஒன்றை மாட்டி, போனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்தேன். ஒன்று விசில் அடித்தது. ஒன்று உறுமியது. ஒன்று சத்தமே இல்லாமல் நன்றாக ஓடியது, அதைத் தரையில் போட்டு மிதிக்கலாம் போல வந்தது எனக்கு. அந்தச் சத்தத்தை யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்று அலுவலகம் முழுக்கக் கேட்டேன். கம்ப்யூட்டர் இருமுவதை யார் பதிவு செய்வார்கள்?

ஐந்து நாளும் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். ஐந்தாம் நாள் குரல் உடைந்திருந்தது. "ரெண்டு வாரமா அவ கூப்பிடலீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகலீங்கய்யா. நல்லா இருக்காங்க" என்றார் அக்கா. அப்பா என்று கூப்பிடவில்லை.

நான் மேசைக்குக் கீழே குனிந்து ஏதோ ஒயரைச் சரி செய்வதுபோல உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் தினமும் ஒன்பது மணிக்கு அக்கா கூப்பிடுகிறார். அப்பா "ஹலோ" என்பதைக் கேட்கிறார். அவர் லைனை விடச் சொன்னதும், "சரிங்கய்யா, வச்சிடறேன்" என்று உடனே வைத்துவிடுகிறார். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இன்று காலை தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பதினஞ்சு நிமிஷம் இருக்கேக்கா. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா என்ன?"

அக்கா போனை டிராயரில் வைத்து மூடினார்.

"பொண்ணு கூப்பிடுவான்னு உக்காந்திருக்காரு தம்பி. நான் பேசிட்டிருந்தா அவ எப்படிக் கூப்பிடுவா?"