நூகு பாயின் காலும் இரண்டு முயல்களும்

1

இந்தக் கதை எனக்குப் பெயிண்ட் கடையில் கிடைத்தது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். ஜன்னல் பெயிண்டில் கலக்க டர்ப்பன்டைன் கேட்டேன்.

"இருந்ததையெல்லாம் டாக்டர் திருஞானசம்பந்தம் வாங்கிட்டுப் போயிட்டாருங்க. முயலுக்கு ஊசி போடவாம்" என்றார் கடைக்காரர்.

ஜன்னல் இன்னும் அப்படியே இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக—'

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலையில்லை.)

இரண்டாவது: திருமலைராயன்பட்டினத்து நூகு பாய் கப்பலில் வேலை பார்ப்பவர். காலில் ஆறாத புண். முகம் வெளுத்துவிட்டது. ரத்தம் ஊறாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். டாக்டர் இரும்புச்சத்து டானிக் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. புண் இருக்கும்வரை உடம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும், ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜைக்கு விடாது என்று அவருக்குச் சந்தேகம்.

"கீறிச் சீழை எடுத்துடலாம் பாய்."

"கத்தி வேணாங்க. இன்னொரு பாட்டில் குடுங்க."

3

ஆகவே முயல்கள். இரண்டுக்கும் டானிக். ஒன்றின் தொடையில் மட்டும், பாயின் புண்ணைப் போல ஒன்று உண்டாக்க, டர்ப்பன்டைன் ஊசி. அங்கே வீங்கிச் சீழ் கட்டியது. அதன் காதில் எடுத்த ரத்தம் வரவர வெளுத்தது. மற்றது கொழுத்தது.*

நூகு பாய் கீரையோடு பார்க்க வந்தார்.

"டானிக் குடிச்சும் ஏங்க இது இப்புடி வெளுத்துக் கெடக்கு?"

"அதைத்தான் உங்ககிட்ட இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்."

பாய் முயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைலியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு பெஞ்சில் படுத்தார்.

* முயல் என்ன நினைத்தது என்று ஒரு பத்தி எழுதினேன். அது என்னைப் போலவே பேசியதால் கிழித்துவிட்டேன்.

4

சீழோடு உள்ளே தைத்திருந்த ஒரு மரச் சிலாம்பும் வந்தது. புண் ஆறியது. டானிக் இல்லாமலே ரத்தம் ஊறியது. கப்பலில் சேர்த்துக்கொண்டார்கள்.

(இங்கே முடித்தேன். ஆனால் முயல் இன்னும் வெளுத்தே கிடந்தது.)

விடைபெற வந்த பாய், மேஜைமேல் அந்த முயலையும் டாக்டர் கையில் கத்தியையும் பார்த்தார்.

"இதுக்கும் கீறி விடப்போறீங்களா?"

"இல்ல பாய். எலும்பு மஜ்ஜையைப் பாக்கணும். பாக்காம நான் சொல்றது நெசமான்னு எனக்கே தெரியாது."

"பாத்தா இது மவுத்தாயிடும்ல?"

"ஆமா."

"எனக்கும் இதே சீக்குதான். என் எலும்பப் பாக்கணும்னு நீங்க கேக்கலையே."

டாக்டர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாய் முயலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

5

ஒரு முடிவில் முயல் பாயோடு வீட்டுக்குப் போகிறது. இன்னொன்றில் டாக்டர் மஜ்ஜையைப் பார்க்கிறார். அடுத்து வருகிற நோயாளி மாதக்கணக்கில் டானிக் குடிக்க வேண்டியிருக்காது. மூன்றாவதில்—

இல்லை, மூன்றாவது எனக்குக் கிடைக்கவில்லை. முதலாவதைப் படித்தால் அந்த நோயாளியை நினைத்துக்கொள்கிறேன். இரண்டாவதைப் படித்தால் முயலை.

கத்தி டாக்டர் கையில் இருக்கிறது. முயல் பாயின் கையில். இருவரும் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்கள்.