புல்மேட்டில் விழித்திருந்தவன்

அன்று பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குப் போனவர்கள்: வின்சன்ட், அவன் மனைவி பியட்றிஸ், மாநகரசபைக் கிளார்க் தனபாலன், புடவைக்கடை நஸீம் நானா. கூடவே ஒரு குடை, நஸீம் வீட்டுப் புரியாணி, வட்டிலப்பம்.

தொழிற்சாலை ஒன்றின் கேட்டில் பார்த்த இராக்காவல் வேலையை வின்சன்ட் போன மாதம் விட்டிருந்தான். பகலில் மனுசனாக வாழப் போகிறேன் என்று சொல்லித்தான் விட்டான். ஆனால் பகல் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசையில் தூங்கினான். மச்சினி கலியாணத்தில், போட்டோவிலேயே தூங்கினான். ரயிலில் கடுகண்ணாவையில் இறங்க வேண்டியவன் ரம்புக்கனையில் கண் விழித்தான்.

"இன்னைக்கி ஒரு பகல் முழுசா முழிச்சிருந்து காட்டுங்க," என்றாள் பியட்றிஸ், பஸ்ஸிலேயே. "தூங்குனீங்க, திங்கக்கெழம அதே கேட்டுக்குப் போயிருங்க. தூங்குறதுக்காவது சம்பளம் வரும்."

போயும் போயும் ஐந்து நாள் ஆட்டத்தின் மூன்றாம் நாள். மட்டை பிடித்தவர்கள் அடிப்பதாக இல்லை, பந்து போட்டவர்களுக்கும் அவசரமில்லை. புல்மேட்டில் பாதிப் பேர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துப் படுத்திருந்தார்கள்.

"வின்சன்ட், கண்ணு சொருகுதே," என்றான் தனபாலன்.

"வெயிலுண்ணே."

"வெயிலு முதுகுப் பக்கமில்ல இருக்கு?"

மதியம் நஸீம் நானா சஹனை விரித்தார். பெரிய வட்டத்தட்டு, சுற்றி உட்கார்ந்து அவரவர் தம் பக்கத்தைச் சாப்பிட வேண்டும். பியட்றிஸுக்கு மட்டும் தனித் தட்டு. நெய் வாசம் எழுந்ததும் வின்சன்டுக்கு விளங்கிவிட்டது. வேலைக் காலத்தில் கேட்டடியில் அவனைத் தூக்கத்தில் வீழ்த்தியது திருடனல்ல, சோறுதான். இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையை எடுத்தான்.

"சஹன்ல உக்காந்துட்டு இப்புடிக் கைய எடுக்கலாமா தம்பி? ஊட்டுல கேட்டா நான் என்ன சொல்ற?"

"வயிறு சரியில்ல நானா."

அவன் பக்கத்துச் சோறு மலை போல அப்படியே நின்றது. சஹனில் மிச்சம் வைப்பது நஸீமுக்குப் பிடிக்காது. அவரும் தனபாலனும் ஆளுக்குப் பாதியாக அந்த மலையையும் சாய்த்தார்கள். கோழித் துண்டு பியட்றிஸின் தட்டுக்குப் போனது. பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம். வின்சன்டின் பங்கையும் மூவரும் முடித்தார்கள்.

முதலில் தனபாலன் சாய்ந்தான். பேசிக்கொண்டிருந்த நஸீம் வசனத்தின் நடுவிலேயே தூங்கிப்போனார். கடைசியில், புருசனைக் காவல் காக்க வந்த பியட்றிஸும் சேலைத் தலைப்பைக் கண்ணில் போட்டுக்கொண்டாள்.

அதன்பின்தான் ஆட்டம் சூடுபிடித்தது. அடுத்தடுத்த பந்துகளில் இரண்டு விக்கெட். மைதானமே எழுந்து கூவியது, இந்த மூவரைத் தவிர. வின்சன்ட் பசியோடு தனியாகக் கை தட்டினான்.

ஆட்டம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது அவர்களை உலுக்கினான்.

"நான் தூங்கல," என்றார் நஸீம் உடனே.

"கண்ணத்தான் மூடியிருந்தேன்," என்றாள் பியட்றிஸ். "நீங்களும் தூங்கிட்டு இப்பதான எழும்புனீங்க?"

"ரெண்டு விக்கெட் விழுந்துச்சு."

"அத யாரும் சொல்லுவாங்க. பக்கத்துல ரேடியோ கேட்டிருக்கும்."

சாட்சிகள் மூவரும் குறட்டை விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கேட்டின் துரு வாசமே வின்சன்டின் மூக்கில் ஏறியது.

பியட்றிஸ் குடையை எடுக்கக் கை நீட்டி, நின்றாள். காலையில் அதை நட்டது அவளுக்கு இடது பக்கம். இப்போது அது வலது பக்கம் நின்றது. தனபாலனுக்கும் நஸீமுக்கும் ஒரு கன்னம் வெந்து கருத்திருந்தது. அவள் முகத்தில் வெயிலே படவில்லை.

"கொடைய யாரு மாத்துனா?"

"வெயிலு நகர்ந்துச்சு. நானும் நகத்திக்கிட்டே இருந்தேன்."

அவள் குடையைச் சுருக்கினாள். கொஞ்ச நேரம் எடுத்துத்தான் சுருக்கினாள்.

"திங்கக்கெழம எங்கயும் போக வேணாம். செவ்வாக்கெழமையில இருந்து பகல் வேல தேடுங்க."

"அப்ப திங்கக்கெழம?"

"தூங்குங்க."

கடைசியாக வெளியேறியவன் வின்சன்ட். மைதானக் கேட்டின் சின்னக் கதவருகே இராக்காவலாளி பிளாஸ்க்கும் சோற்றுப் பையுமாக அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தான்.

"மேட்ச் எப்புடிங்க?"

கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான். வின்சன்ட் வெளியே காலை வைத்துத் திரும்பி, "மொதல் விக்கெட் எப்புடின்னா..." என்று தொடங்கினான்.

காவலாளி வாய் கிழியக் கொட்டாவி விட்டான். கதவைச் சாத்தினான். உள்ளே பூட்டு விழுந்தது.