பொறிவண்டுகளுக்காகத் துடைத்த இலைகள்

பொறிவண்டுகள் வந்த அன்று என் வீட்டுக்காரர் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வலைக் கூரை போட்ட எங்கள் குடைமிளகாய்க் குடிலில் இலைக்கு இலை அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. மருந்தடித்து மருந்தடித்து அவருக்கு நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. இன்னொரு தரம் அடித்தால் மூச்சுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளை வரவழைத்தேன். இதுவும் கைகொடுக்காவிட்டால் மறுபடி மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொள்வார். பிடித்தால் விடாத மனுஷன்.

வண்டுகள் வந்த பெட்டியை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போனதும் திறந்துவிட்டேன். வண்டுகள் சிவப்புச் சிவப்பாக எழும்பி, மாலை வெளிச்சத்தில் மிதந்தன. அப்புறம்தான் செடிகளைப் பார்த்தேன். இலையெல்லாம் பளபளத்தது. ஈரத்துணியோடு நின்றிருந்தார் அவர்.

"வர்றவங்க முன்னாடி வீடு அழுக்கா கிடந்தா நல்லாவா இருக்கும்? அதான் துடைச்சுட்டேன்."

"சாப்பாட்டைத் துடைச்சுப் போட்டுட்டு வாங்க, உக்காருங்கன்னா யார் இருப்பா? குருத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற அசுவினி நாளைக்கே பெருகும். அப்ப வண்டு இருக்காது!"

"அப்ப நான் மருந்தடிச்சுக்கிறேன்."

மேலே வண்டுகள் கூரை வலையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டத்துக்கு, என் ஓரகத்தியிடம் ஓடினேன்.

"அசுவினி இருந்தா கொஞ்சம் குடேன்."

"சர்க்கரை கேட்டா தருவேன். இதையா கேட்டு வருவாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் பீன்ஸ் கொடிகளை அசுவினியோடு ஒடித்து ஒரு கூடை நிறையக் கொடுத்தாள்.

குடிலுக்குத் திரும்பி, அவரும் நானுமாக வரிசைக்கு வரிசை தொங்கவிட்டோம். கடைசிக் கொடியைக் கட்டக் கயிறு இல்லை. அவரே கையில் தூக்கிப் பிடித்து நின்றார். வெளிச்சம் மஞ்சளாகி, செடிகள் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் லேசாக அசைந்தன. எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ, தெரியாது. ஒரு வண்டு மெல்ல இறங்கி அவர் கையிலிருந்த கொடியில் உட்கார்ந்தது. இன்னொன்று வந்தது.

"சாப்பிடுதுடி," என்றார் உதடு மட்டும் அசைய.

வண்டு பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

"அது எங்கயும் போகாது. நீங்க மூச்சை விடுங்க," என்றேன்.

விட்டார்.